பட்டான் கல் இல்லாத வீரர்: சுபேதார் சுப்பிரமணியனின் அயல்நிலச் சாவும் நினைவுகூரலின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின்போது, 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியின் மிஞ்ஞானோ என்னும் ஊருக்கு அருகில் கண்ணிவெடி ஒன்றின்மேல் பாய்ந்து, வெடிப்பைத் தம் உடலில் ஏற்று, உடன் பணியாற்றியோரைக் காத்து உயிர்நீத்தவர் மதராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். அவர் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். இறப்பிற்குப் பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் வீர விருது வழங்கப்பெற்றது. எனினும், தமிழில் எழுதப்பெற்ற வரலாற்றில் அவருக்குரிய இடம் மிகச் சிறிதாகவே உள்ளது. இந்நிலைக்கான காரணங்களை விருது வரையறை, நினைவிட அமைப்பு, தேசிய நினைவு ஆகிய மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழரின் நடுகல் மரபு இறந்தோரைப் பதிவுசெய்த முறை, இச்சிக்கலைத் தெளிவாக அணுக உதவும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நடுகல், போர் நினைவிடம், மதராஸ் சேப்பர்ஸ், ஜார்ஜ் சிலுவை, இத்தாலியப் போர்க்களம், காலனியப் படை.

முன்னுரை

படைவீரர் ஒருவரை நினைவுகூரும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. இறந்தவர் யார், எங்கு இறந்தார், யாருக்காக இறந்தார் என்பன அவை. தம் நாட்டின் எல்லையில், தம் நாட்டுக்காக இறந்தவரைப் பொறுத்தவரை இம்மூன்றுக்குமான விடைகள் ஒன்றோடொன்று இணைந்தே கிடைக்கின்றன. காலனிய ஆட்சியின் படையில் சேர்ந்து, கடல்கடந்து சென்று இறந்தவருக்கோ அவ்விடைகள் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவரது ஊர் ஓரிடத்திலும், இறந்த களம் ஓரிடத்திலும், பெயர் பொறிக்கப்பெற்ற கல் பிறிதோரிடத்திலும் அமைகின்றன. அவர் எந்த அரசின்கீழ் இறந்தாரோ அவ்வரசும் அவர் பிறந்த நாட்டை விட்டு நீங்கிவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றியோர் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இத்தாலியப் போர்க்களத்தில் மட்டும் 5,782 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவரே சுப்பிரமணியன். ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்வது ஏனையோரை மறப்பதாகாது. அவரது பெயர் மற்றவர்களின் பெயர்களைவிட மிகுதியாகப் பதிவாகியுள்ளது. அவ்வாறு பதிவான பெயரே தமிழ் நினைவில் நிலைபெறவில்லை எனில், பதிவு குறைந்தோரின் நிலை யாதென்பதை எளிதில் உணரலாம்.

களமும் காலமும்

நேச நாட்டுப் படைகள் 1943 செப்டம்பரில் இத்தாலியின் நிலப்பரப்பில் இறங்கின. தெற்கிலிருந்து உரோம் நகரை நோக்கி முன்னேறிய அப்படைகளை, செருமானியப் படையினர் மலைத்தொடர்களைப் பயன்படுத்தி அடுத்தடுத்த அரண்வரிசைகளில் தடுத்தனர். அவ்வரிசைகளுள் ஒன்று மிஞ்ஞானோ கணவாய்ப் பகுதியின் வழியாகச் சென்றது. அங்குள்ள லுங்கோ மலையிலும் சான் பியத்ரோ என்னும் ஊரிலும் 1943 டிசம்பரில் கடும்போர் நிகழ்ந்தது. அதன்பின் செருமானியர் பின்வாங்கிக் கசீனோ நகரை ஒட்டிய அடுத்த அரண்வரிசைக்குச் சென்றனர்.

இந்தியாவின் 4ஆம் தரைப்படைப் பிரிவு 1944 பிப்ரவரியில் கசீனோ களத்தில் இருந்தது. மலையுச்சியில் இருந்த புகழ்பெற்ற துறவியர் மடம் பிப்ரவரி 15 அன்று வான்குண்டு வீச்சுக்கு உள்ளாயிற்று. அதைத் தொடர்ந்த தாக்குதல்களில் இந்தியப் படையினர் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தனர். அத்தாக்குதல்கள் ஓய்ந்த சில நாட்களிலேயே, பிப்ரவரி 24 அன்று, சுப்பிரமணியன் இறந்தார். மிஞ்ஞானோ கசீனோவிற்குத் தென்கிழக்கே 20 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. எனவே அந்நாளில் அது போர்முனை கடந்துசென்ற நிலப்பகுதி. எதிரி அங்கிருந்து நீங்கிவிட்டான். அவன் புதைத்துச் சென்ற வெடிகள் நீங்கவில்லை.

இவ்விடத்தில் கண்ணிவெடி அகற்றும் பணியின் தன்மையை அறிதல் வேண்டும். உலோகத்தைக் கண்டறியும் கருவியைத் தரைக்கு மேலாக அசைத்தபடி ஒருவர் முன்செல்வார். ஐயத்துக்குரிய இடத்தைத் துப்பாக்கி ஈட்டி போன்ற கூர்முனையால் மெல்லக் குத்தி ஆராய்வர். வெடி நீக்கப்பெற்ற வழியின் இருபுறமும் வெண்ணிற நாடாவைக் கட்டி அடையாளப்படுத்துவர். செருமானியர் மரப்பெட்டிக்குள் அமைத்த சிறுவெடிகளையும் பயன்படுத்தினர். அவற்றில் உலோகம் மிகக் குறைவு என்பதால் கருவி அவற்றை எளிதில் காட்டாது. மிதித்தபின் சில நொடிகள் கழித்துத் தரையிலிருந்து எழும்பி வெடித்து, எஃகுக் குண்டுகளை நாற்புறமும் சிதறச்செய்யும் வெடிகளும் இருந்தன. இத்தகைய நிலத்தில் ஒருவர் செய்யும் பிழை அவரோடு நிற்பதில்லை. அருகில் இருப்போர் அனைவரையும் அது தாக்கும்.

அன்று சுப்பிரமணியன் வெடி அகற்றும் குழுவொன்றில் பணியாற்றினார். வெடி இயங்கத் தொடங்கியதை உணர்ந்த நொடியில் அதன்மேல் பாய்ந்து படுத்தார். வெடிப்பின் பெருவிசையை அவரது உடல் ஏற்றது. அதனால் உடனிருந்தோர் உயிர்பிழைத்தனர். வெடியின் இயல்பை அறியாத ஒருவர் பதற்றத்தில் செய்த செயல் என்று இதனைக் கொள்ளவியலாது. சேப்பர் படையின் சுபேதார் என்ற நிலையில், தாம் செய்வதன் விளைவை அங்கிருந்த எவரையும்விட அவர் நன்கறிந்திருந்தார்.

'தம்பிகளின்' படைப்பிரிவு

மதராஸ் சேப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையின் தொடக்கம் 1780 செப்டம்பர் 30 ஆகும். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அன்று உருவாக்கப்பெற்ற இரு முன்னோடிக் கம்பெனிகளிலிருந்து அது வளர்ந்தது. பாதை அமைத்தல், பாலம் கட்டுதல், கோட்டைச் சுவரைத் தகர்த்தல், நீர்வழங்கல் ஆகியவை அதன் பணிகள். எகிப்து, சீனா, அபிசீனியா எனத் தொடக்கக் காலத்திலிருந்தே அது கடல்கடந்து சென்று பணியாற்றியது. பின்னர் பெங்களூரு அதன் தலைமையிடமாயிற்று. முட்கம்பித் தடைகளைத் தகர்க்கப் பயன்படும் 'பெங்களூர் டார்ப்பீடோ' என்னும் நீள்குழாய் வெடி, இப்படைப்பிரிவின் அதிகாரியான கேப்டன் மக்ளின்டாக் என்பவரால் 1912இல் அங்கு வடிவமைக்கப்பெற்றது. இரண்டாம் உலகப்போரில் கண்ணிவெடி நிலத்தில் வழி திறக்கவும் அது பயன்பட்டது.

இப்படைவீரர்களைத் 'தம்பி' என்று அழைக்கும் வழக்கம் இந்தியப் படையில் இன்றளவும் உள்ளது. தமிழ் உறவுச்சொல் ஒன்று படைப்பிரிவு முழுமைக்குமான பெயராகியிருப்பது கருதத்தக்கது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் இப்படைக்கும் இடையே இருந்த நெருக்கத்தை அச்சொல் காட்டுகிறது.

சுப்பிரமணியன் இப்படையின் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியில் பணியாற்றினார். இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பொருள் திரிந்துவிடும். 'பார்க்' என்பது இங்குப் படைக்கலன்களையும் பொறியியல் பொருட்களையும் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தைக் குறிக்கும். தரைப்படைப் பிரிவொன்றின் பாலப் பொருட்கள், எந்திரங்கள், பணிமனைகள் ஆகியவற்றைப் பேணி, முன்னணிப் பொறியியல் கம்பெனிகளுக்குத் துணைநிற்பதே இத்தகைய கம்பெனியின் கடமை. போர் வரலாறுகள் பெரும்பாலும் தாக்குதல் நடத்திய காலாட்படைகளின் கண்ணோட்டத்தில் எழுதப்படுவதால், இத்தகைய துணைப்படையினரின் இறப்புகள் கதையின் மையத்திற்கு வருவதில்லை. சுப்பிரமணியன் பற்றிய செய்தி அருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

'எதிரியின் முன்னிலை' என்னும் வரையறை

பிரித்தானியப் படைகளின் மிக உயர்ந்த போர்க்கள விருது விக்டோரியா சிலுவை. அது எதிரியின் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற வீரச்செயலுக்கு உரியது. இத்தாலியப் போர்க்களத்தில் வழங்கப்பெற்ற 20 விக்டோரியா சிலுவைகளுள் 6 இந்தியப் படையினருக்குக் கிடைத்தன. ஜார்ஜ் சிலுவை 1940 செப்டம்பரில் மன்னர் ஆறாம் ஜார்ஜால் நிறுவப்பெற்றது. வான்குண்டு வீச்சின் நடுவே குடிமக்கள் காட்டிய துணிவைப் போற்றுதல் அதன் முதன்மை நோக்கம். படைவீரர்களைப் பொறுத்தவரை, வழக்கமான போர்க்கள விருதுகளுக்கு இடமில்லாத செயல்களுக்கு அது வழங்கப்பெற்றது.

சுப்பிரமணியனுக்கு 1944 ஜூனில் அறிவிக்கப்பெற்றது ஜார்ஜ் சிலுவையே. அவர் இறந்த இடத்தில் எதிரி இல்லை என்பதே இதன் அடிப்படை. இவ்விருது உருவானபோது முந்தைய பேரரசு வீரப் பதக்கத்தைப் பெற்றிருந்தோர் அதனை மாற்றிக்கொண்டனர். அவ்வகையினரை நீக்கிப் பார்த்தால், நேரடியாக ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் என அவர் குறிக்கப்பெறுகிறார். மதிப்பில் இவ்விரு விருதுகளும் இணையானவை. ஆயினும் நினைவுகூரலில் இரண்டும் இணையாக அமையவில்லை. விக்டோரியா சிலுவை பெற்ற இந்திய வீரர்களின் பெயர்கள் நூல்களிலும் படைப்பிரிவுப் பெருமைகளிலும் தொடர்ந்து பேசப்படுகின்றன. ஜார்ஜ் சிலுவை பெற்றோர் அப்பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். எதிரி புதைத்த வெடியால் ஒருவர் இறக்கும்போது எதிரி அங்கிருந்தானா இல்லையா என்னும் வினா, நிருவாக நோக்கில் தேவையானதாக இருக்கலாம். இறந்தவரின் செயலைப் புரிந்துகொள்ள அது துணைபுரிவதில்லை.

எண்ணிலிருந்து பெயருக்கு

முதல் உலகப்போருக்குப் பின் இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் சிறு பளிங்குக் கற்கள் பதிக்கப்பெற்றன. தமிழ்நாட்டின் ஊர்களிலும் அவற்றைக் காணலாம். அவ்வூரிலிருந்து பெரும்போருக்குச் சென்றோர் எத்தனைபேர், உயிர் கொடுத்தோர் எத்தனைபேர் என்னும் செய்தியை அவை ஆங்கிலத்தில் தருகின்றன. பெயர் எதுவும் அவற்றில் இடம்பெறுவதில்லை. ஊராரால் படிக்க இயலாத மொழியில், ஊராரின் பிள்ளைகள் எண்ணிக்கையாக மட்டும் நிற்கின்றனர்.

இக்குறை ஊர்க்கற்களோடு முடியவில்லை. போரில் இறந்தோர் அனைவரையும் தகுதி, இனம், சமயம் ஆகிய வேறுபாடின்றிப் பெயர்சொல்லி நினைவுகூர்வதைக் கொள்கையாகக் கொண்டு 1917இல் பேரரசுப் போர்க் கல்லறைகள் ஆணையம் நிறுவப்பெற்றது. பிரான்சின் நவ் ஷாப்பெல் நினைவிடத்தில் அக்கொள்கை பின்பற்றப்பட்டு 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பெற்றன. ஆனால் 1929இல் திறக்கப்பெற்ற பஸ்ரா நினைவிடத்தில் இந்தியச் சாதாரண வீரர்கள் படைப்பிரிவு வாரியாக எண்களாக மட்டும் குறிக்கப்பெற்றனர். ஐரோப்பிய மண்ணில் இறந்த இந்தியருக்குக் கிடைத்த பெயர், மெசபொத்தேமியாவில் இறந்த இந்தியருக்குக் கிடைக்கவில்லை. இன்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் எனப்படும் அந்நிறுவனம், இத்தகைய ஏற்றத்தாழ்வுகளை 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

சுப்பிரமணியன் அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவரது பெயர் கல்லில் உள்ளது. இந்துக்களும் சீக்கியர்களும் எரியூட்டப்பெற்றதால், அவர்களுக்கெனத் தனித்த நினைவிடங்கள் இத்தாலியில் மூன்றிடங்களில் அமைக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று அட்ரியாட்டிக் கடலோரப் பகுதியில், தொரினோ தி சாங்ரோ என்னும் ஊரில் உள்ள சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறையில் அமைந்துள்ளது. அதில் 500க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் உள்ளன. சுப்பிரமணியனின் பெயரும் அங்கே இடம்பெற்றுள்ளது. அவர் இறந்த மிஞ்ஞானோ இத்தாலியத் தீவக்குறையின் மேற்குப் பகுதியில் இருக்க, அவரது பெயர் கிழக்குக் கடலோரத்தில் நிற்கிறது. இலண்டனில் 2002இல் திறக்கப்பெற்ற நினைவு வாயில்களிலும் இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் பகுதிகளைச் சேர்ந்த விக்டோரியா, ஜார்ஜ் சிலுவையாளரின் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன.

ஆகவே பெயர் இல்லை என்பது இங்குச் சிக்கலன்று. அப்பெயர் உரோமன் எழுத்தில், வெவ்வேறு ஆவணங்களில் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களோடு, முன்னெழுத்து இன்றித் தனித்து நிற்கிறது. தமிழகத்தில் மிகப் பரவலாக வழங்கும் பெயர்களுள் ஒன்று சுப்பிரமணியன். ஊரோடும் செயலோடும் சேர்த்துச் சொன்னாலன்றி அப்பெயர் ஒரு குறிப்பிட்ட மனிதரைச் சுட்டாது.

நடுகல் பதிவுசெய்யும் முறை

இவ்விடத்தில் நடுகல் மரபை நோக்குதல் பயன்தரும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் இம்மரபின் தொன்மைக்குச் சான்றாகும். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்குரியதாகப் படிக்கப்பெற்றுள்ளது. மிகச் சுருங்கிய அப்பதிவிலும் இறந்தவனின் பெயர், ஊர், நிகழ்வு ஆகிய மூன்றும் அமைந்துள்ளன.

பல்லவர் காலச் செங்கம் நடுகற்களில் இவ்வமைப்பு மேலும் விரிவடைகிறது. ஆளும் மன்னனின் ஆட்சியாண்டு முதலில் வரும். அடுத்துப் பகுதித் தலைவனின் பெயரும், அவனுக்குரிய வீரனின் பெயரும், ஊரும், இறந்த சூழலும் வரும். இறுதியில் 'பட்டான்' என்னும் வினையும் 'கல்' என்னும் சொல்லும் நிற்கும். எடுத்தனூர் நடுகல் இதற்கு நல்ல சான்று. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், பொற்றொக்கையாரின் இளமகனாகிய கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்ததைக் கூறுகிறது. கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் அவனது நாயின் பெயரும் அக்கல்லில் உள்ளது.

இக்கற்களிலிருந்து நம் ஆய்வுக்குரிய மூன்று செய்திகள் பெறப்படுகின்றன.

முதலாவது, 'பட்டான்' என்னும் சொல்லின் பரப்பு. தொறுப்பூசலில் இறந்தவனும் பட்டான். புலியைக் குத்தி இறந்தவனும் பன்றியைக் குத்தி இறந்தவனும் அவ்வாறே பட்டான் எனக் குறிக்கப்பெற்றனர். எதிரே நின்றது மனிதப் பகையா விலங்கா என்பதைக்கொண்டு கல்லின் தகுதி வேறுபடவில்லை. எதைக் காக்க நின்றான் என்பதே பதிவின் மையமாக அமைந்தது. எதிரியின் முன்னிலை என்னும் வரையறையால் பிரிக்கப்பெற்ற மிஞ்ஞானோ நிகழ்வு, இச்சொல்லுக்குள் தடையின்றி அடங்குகிறது.

இரண்டாவது, நாயின் பெயரையும் விடாமல் குறித்த பதிவுணர்வு. ஊர்ப் பளிங்குக் கற்கள் மனிதரையே எண்ணாக்கியதோடு இதனை ஒப்பிடும்போது, ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே நிலப்பகுதியில் நிலவிய நினைவுகூரல் முறையின் நுட்பம் விளங்கும்.

மூன்றாவது, மன்னனின் இடம். மன்னனின் பெயர் கல்லின் தொடக்கத்தில் வந்தாலும் கல் மன்னனுக்கு உரியதன்று. ஆட்சியாண்டு காலத்தை அறிவிக்கிறது. கல் பட்டவனுக்கு உரியது. கருந்தேவக்கத்தியின் கல்லைப் படிக்கும் எவரும் அதனைப் பல்லவப் பேரரசின் புகழுரையாகக் கொள்வதில்லை.

இவ்வொப்பீட்டின் எல்லையையும் குறிப்பிடுதல் வேண்டும். நடுகல் வழிபாட்டோடு இணைந்தது. போர் நினைவிடம் அரசின் நிருவாகத்தோடு இணைந்தது. நடுகல் சமூகமும் ஏற்றத்தாழ்வற்ற சமூகமாக இருந்ததில்லை. பட்டோர் அனைவருக்கும் கல் எடுக்கப்பெற்றது என்று கூறவும் சான்றில்லை. மேலும், வாகைத்திணையில் தொல்காப்பியம் கூறும் அவிப்பலி என்னும் துறையோடு சுப்பிரமணியனின் செயலை இணைக்கும் விருப்பம் எழக்கூடும். அவிப்பலி வஞ்சினத்தோடும் உயிரைப் பலியாக வழங்குவதோடும் தொடர்புடையது. மிஞ்ஞானோவில் நிகழ்ந்ததோ அருகிருந்தோரைக் காக்கும் செயல். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. இங்குக் கொள்ளத்தக்கது நடுகல்லின் பதிவுமுறை மட்டுமே.

தேசிய நினைவின் இடைவெளி

புதுதில்லி இந்தியா கேட், முதல் உலகப்போரிலும் 1919ஆம் ஆண்டின் ஆப்கானியப் போரிலும் இறந்தோரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. அதன் அருகில் 2019இல் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவிடம், விடுதலைக்குப் பின் உயிர்நீத்தோரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. 1944இல் இறந்த ஒருவரின் பெயர் இவ்விரண்டு பட்டியல்களின் எல்லைக்கும் வெளியே நிற்கிறது. சென்னைக் கோட்டைக்குத் தெற்கே உள்ள போர் நினைவுச் சின்னம் முதல் உலகப்போரின் வெற்றிக்காக எழுப்பப்பெற்று, பின்னர் அடுத்தடுத்த போர்களில் இறந்தோருக்கும் உரியதாக விரிவாக்கப்பெற்றது. அது இறந்தோரைத் தொகுப்பாகவே போற்றுகிறது.

தமிழக அரசியல் வரலாறும் இவ்விடைவெளியை ஆழமாக்கியது. இந்தியரைக் கலந்துகொள்ளாமல் இந்தியா போரில் ஈடுபடுத்தப்பெற்றதை எதிர்த்து, இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது. 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தது. சுப்பிரமணியன் இறந்த அடுத்த மாதத்தில் இம்பால் களம் தொடங்கியது. அங்கு ஜப்பானியரோடு இணைந்து இந்திய தேசிய இராணுவம் போரிட்டது. மலாயாத் தமிழர் பெருமளவில் அப்படையில் சேர்ந்திருந்தனர். ஒரே மொழி பேசிய இளைஞர்கள் ஒரே ஆண்டில், ஒரே போரின் இரு தரப்புகளிலும் நின்றனர். விடுதலைக்குப் பின் நாடு தன் வரலாற்றை எழுதியபோது, அவர்களுள் ஒரு தரப்பினருக்கு எளிதில் இடம் கிடைத்தது. மறுதரப்பினரை என்னவென்று அழைப்பது என்பதில் தயக்கம் நிலவியது.

இத்தயக்கம் நியாயமற்றதன்று. சுப்பிரமணியன் பணியாற்றிய படை இந்தியாவை அடிமைப்படுத்திய அரசின் படை. அவர் எதிர்த்து நின்ற ஆட்சியோ உலகம் கண்ட கொடிய ஆட்சிகளுள் ஒன்று. இவ்விரு உண்மைகளுள் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறைக்கவியலாது. ஆனால் அரசு பற்றிய நம் தீர்ப்பு எதுவாயினும், அதனை இறந்தவரின் பெயர்மீது ஏற்றுவது வரலாற்று முறையாகாது. அந்த நொடியில் அவர் காத்தது பேரரசை என்பதைவிட, கைக்கெட்டும் தொலைவில் நின்ற மனிதர்களை என்பதே பொருந்தும்.

வேறு நிலப்பகுதியின் சான்று ஒன்றை இங்கு ஒப்பிடலாம். மராத்தா காலாட்படையைச் சேர்ந்த நாயக் யஷ்வந்த் காட்கே 1944 ஜூலை 10 அன்று இத்தாலியின் மேல் டைபர் பள்ளத்தாக்கில் இறந்தார். அவர் விக்டோரியா சிலுவை பெற்றவர். பெருஜியா மாநிலத்தின் மொந்தோனே என்னும் ஊராட்சி 2023இல் அவர் பெயரால் கதிர்க் கடிகார நினைவுச்சின்னம் ஒன்றை அமைத்தது. அயல்நாட்டு ஊர் ஒன்று, தன் மண்ணில் பட்ட இந்தியரைத் தனக்குரியவராக ஏற்றுக்கொண்டது. பேரரசின் மீதான கருத்து எதனையும் கூறாமலேயே அது நிகழ்ந்தது. சுப்பிரமணியனுக்கு இத்தகைய பதிவு தமிழில் அமைவதற்குத் தடையொன்றும் இல்லை.

முடிவுரை

சுபேதார் சுப்பிரமணியன் மறக்கப்பெற்றார் என்று பொதுவாகக் கூறுவது பிழையாகும். விருதுப் பதிவு அவரது செயலைக் காத்தது. நினைவிடம் அவரது பெயரைக் காத்தது. படைப்பிரிவு அவரது தகுதியைக் காத்தது. இவை மூன்றையும் அவரது ஊரோடும் மொழியோடும் இணைக்கும் பதிவு மட்டும் வலுப்பெறவில்லை. எதிரி இருந்தானா என்னும் விருது வரையறையும், எந்த அரசுக்காக இறந்தார் என்னும் தேசிய வரையறையும் இவ்விணைப்பைத் தடுத்தன. நடுகல் மரபு கேட்ட வினாக்கள் வேறு. எக்காலத்தில், எவ்வூரினன், எதைக் காக்கப் பட்டான் என்பனவே அவை.

இம்முடிவு ஒருவரோடு நிற்பதன்று. இத்தாலி, வட ஆப்பிரிக்கா, பர்மா ஆகிய களங்களில் இறந்த தமிழ் வீரர்களின் பெயர்கள் நினைவிடப் பதிவேடுகளில் உள்ளன. அவற்றுள் சிதைந்த எழுத்துக்கூட்டலில் கிடக்கும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திக் காண்பது, ஊர்ப்பெயராய்வும் கல்வெட்டியலும் பயின்ற தமிழ் ஆய்வாளர்களால் செய்யத்தக்க பணி. மாவட்ட வரலாறுகளில் நடுகற்களுக்கு ஓர் இயல் ஒதுக்கப்பெறுவதைப்போல, இவ்வீரர்களுக்கும் ஓர் இயல் ஒதுக்கப்பெறலாம்.

அவ்வியலில் சுப்பிரமணியனுக்குரிய பதிவு நீண்டதாக இருக்க வேண்டியதில்லை. செங்கம் கற்களின் அமைப்பைப் பின்பற்றினால் ஒரு தொடரில் அது முடிந்துவிடும்: ஆறாம் ஜார்ஜுக்கு யாண்டு 8ஆவது, மதராஸ் சேப்பர் படையின் சுபேதார், கீழ் ஒட்டிவாக்கத்துச் சுப்பிரமணியன், இத்தாலி நாட்டு மிஞ்ஞானோவில் உடன் நின்றாரைக் காத்துப் பட்டான் கல். இத்தொடரில் மன்னன் பெயர் ஆண்டைக் குறிக்க மட்டுமே வருகிறது. ஊர், பெயர், செயல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்கின்றன. கல் எழுப்புவது ஊராரின் விருப்பம். தொடரை எழுதிவைப்பது வரலாற்றாய்வாளரின் கடமை.